கிராஃபிக் டிசைன் பட்டப்படிப்பை இன்றைய வேலைக்கு ஏற்றபடி திருத்துவது எப்படி? மதிப்பெண் தாளிலிருந்து தொடங்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

வேலைக்கு ஆள் எடுக்கும்போது, போர்ட்ஃபோலியோவைப் புரட்டி முடித்ததும் நான் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "இதில் ஏதாவது ஒன்றின் மூல ஃபைலைத் திறந்து காட்டுகிறீர்களா?" பாதிப் பேருக்கு அந்த இடத்தில் முகம் மாறிவிடும். போஸ்டர் என்னவோ அழகாகத்தான் இருக்கும். ஃபைலைத் திறந்தால், லேயர்களுக்கு 'லேயர் 47 காப்பி 3' என்று பெயர். தலைப்புகளின் அளவெல்லாம் ஒவ்வொன்றாகக் கையால் கொடுத்தது. படங்கள் வேறு எந்தக் கணினியிலோ கிடக்கும். தலைப்பு எழுத்தை மட்டும் மாற்றித் தாருங்கள் என்றால் நாற்பது இடத்தில் கைவைக்க வேண்டும்.

அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல மனம் வருவதில்லை. நான்கு வருடமும் அவர்களுடைய ஃபைலை அவர்களைத் தவிர வேறு யாரும் திறந்ததே கிடையாது. மதிப்பெண் போடும் ஜூரி குழு பார்த்தது, அச்செடுத்து அட்டையில் ஒட்டிய பலகையை. மதிப்பெண் விழுந்ததும் அதற்குத்தான்.

ஆள் எடுக்கும் பக்கம் பல வருடம் இருந்துவிட்டு, வருகைப் பேராசிரியராகவும் பாடத்திட்டக் குழு உறுப்பினராகவும் மறுபக்கமும் உட்கார்ந்து பார்த்தேன். நான் போன ஒரு குழுவில் முதல் இரண்டு மணி நேரமும் எந்த மென்பொருளைச் சேர்ப்பது, எதை நீக்குவது என்ற வாக்குவாதத்திலேயே கரைந்தது. மதிப்பெண் எதற்குப் போடுகிறோம் என்று யாரும் வாய் திறக்கவில்லை. படிப்புக்கும் வேலைக்கும் நடுவே உள்ள பள்ளம் அங்கேதான் இருக்கிறது என்பது என் கணிப்பு. வகுப்பில் ஒரு டிசைன் முடிந்துவிடுகிறது. தொழிலில் அது கைமாறுகிறது: டெவலப்பருக்கு, அச்சகத்துக்கு, விடுப்பில் போனவரின் இடத்தில் உட்காரும் இன்னொரு டிசைனருக்கு, ஆறு மாதம் கழித்து அதையே திறந்து பார்க்கப்போகும் உங்களுக்கு.

கீழே உள்ளவை துறைத் தலைவருக்கும் பாடத்திட்டக் குழுவுக்கும் எழுதியவை. ஒரே ஒரு பாடத்தாளை மட்டும் நடத்தும் ஆசிரியர் 3, 4 படிகளை நாளைக்கே தொடங்கலாம். அதற்கு யாருடைய கையெழுத்தும் வேண்டாம்.

படி 1: பழைய மாணவர்களிடம் ஒரு வார டைரி கேளுங்கள்

திருத்தம் என்றதும் துறைகள் வழக்கமாகச் செய்வது, வேலை விளம்பரங்களைத் திரட்டி அவற்றில் வரும் மென்பொருள் பெயர்களை எண்ணுவது. விளம்பரம் ஓர் ஆசைப்பட்டியல். மூன்று பேர் வேலையை ஒருவர் தலையில் கட்ட நினைக்கும் நிறுவனம், வீடியோ எடிட்டிங், முப்பரிமாணம், கோடிங், சமூக ஊடகம் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுதிவிடும். அதை வைத்துப் பாடம் அமைத்தால் எட்டு தாளும் நுனிப்புல்லாகத்தான் முடியும்.

படித்து முடித்து 1, 3, 6 ஆண்டுகள் ஆனவர்களில் ஒவ்வொரு அணியிலும் ஐந்தாறு பேரைப் பிடியுங்கள். டிசைனை விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போனவர்களில் ஓரிருவர் கட்டாயம் இருக்க வேண்டும். துறைகள் அவர்களை மறந்தே போகின்றன. கேட்க வேண்டியவை மூன்று. சென்ற வாரம் திங்கள் முதல் வெள்ளி வரை எந்தெந்த மணியில் என்ன செய்தீர்கள்? வேலைக்குச் சேர்ந்த முதல் ஆறு மாதத்தில் எதற்காகத் திருத்தப்பட்டீர்கள்? படிக்கும்போது வீண் என்று நினைத்தது எது இப்போது கைகொடுக்கிறது?

இரண்டாவது கேள்விக்கு வரும் பதில்களைத்தான் நான் கவனமாகக் குறித்துக்கொள்வேன். மென்பொருள் தெரியாமல் திட்டு வாங்கினேன் என்று சொல்பவர்கள் குறைவு. பிரீஃபை, அதாவது கிளையன்ட் தரும் வேலைக் குறிப்பை, சரியாகப் புரிந்துகொள்ளாமல் வேலையைத் தொடங்கியது, ஏன் இந்த வண்ணம் என்று கேட்டபோது 'பார்க்க நல்லா இருந்துச்சு' என்று சொன்னது, எழுத்துப்பிழையோடு அச்சுக்கு அனுப்பியது, தாமதமாகும் என்பதைக் கடைசி நாள் வரை வாயைத் திறந்து சொல்லாதது. இந்த வகைதான் திரும்பத் திரும்ப வருகிறது.

படி 2: ஒவ்வொரு திறனுக்கும் ஆயுள் குறியுங்கள்

சேர்ந்த பதில்களை மூன்று பத்தியாகப் பிரியுங்கள்: ஓரிரு வருடத்தில் காலாவதியாவது, பத்து வருடம் தாங்குவது, டிசைனர் ஓய்வு பெறும்வரை உடன் வருவது.

மென்பொருளின் வரலாறு தெரிந்தால் இந்தப் பிரிவினை சுலபம். 1985இல் மேக் கணினியும் பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கரும் லேசர்ரைட்டர் அச்சுப்பொறியும் ஒன்றுசேர்ந்து அச்சுக்கோப்பு மேசையையே காலி செய்தன. இரண்டு வருடத்தில் வரைவதற்கு இல்லஸ்ட்ரேட்டரும் பக்கம் அமைக்கக் குவார்க் எக்ஸ்பிரஸும் வந்தன, 1990இல் ஃபோட்டோஷாப். 1999இல் வந்த இன்டிசைன், அசைக்க முடியாது என்று எல்லாரும் நம்பிய குவார்க்கின் நாற்காலியைச் சில வருடங்களில் பிடித்துக்கொண்டது. இணைய அனிமேஷன் செய்யும் ஃபிளாஷுக்கென்றே முழு செமஸ்டர் ஒதுக்கிய படிப்புகள் இருந்தன. 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு ஃபிளாஷ் பிளேயருக்கான ஆதரவே நின்றது. திரை வடிவமைப்பில் 2010இல் வந்த ஸ்கெட்ச் கொடிகட்டிப் பறந்தது. 2016இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த ஃபிக்மா அதை ஓரம் கட்டியது. முதலாண்டில் கற்ற கருவி நான்காமாண்டு முடிவதற்குள் பழசாகிவிடலாம். எழுத்தின் படிநிலை, பக்கத்தைப் பிரிக்கும் கட்டம், வெற்றிடம், வண்ண முரண் ஆகியவற்றுக்கு இந்த நாற்பது வருடத்தில் ஒன்றும் ஆகவில்லை.

இதைக் கேட்டதும், 'பார்த்தீர்களா, அடிப்படை மட்டும் போதும், கருவியை அவர்களே கற்றுக்கொள்வார்கள்' என்று சில மூத்த பேராசிரியர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். அதுவும் ஏற்புடையதல்ல. கட்டம் என்ற கருத்து, மாஸ்டர் பக்கத்தையும் (எல்லாப் பக்கத்துக்கும் பொதுவான வார்ப்பு) பத்தி ஸ்டைலையும் (எழுத்து, அளவு, இடைவெளியை ஒரே பெயரில் சேமித்த அமைப்பு) கையால் அமைத்துப் பார்க்கும்போதுதான் உள்ளே இறங்குகிறது. நீந்தக் கற்றுத்தரத் தண்ணீர் வேண்டுமல்லவா?

நடைமுறைக்கு ஒரு யோசனை. எந்தத் தாளுக்கும் மென்பொருளின் பெயரை வைக்காதீர்கள். தாளின் பெயரும் கற்றல் விளைவுகளும் திறனைச் சொல்லட்டும்: 'பல பக்க ஆவணங்களை ஸ்டைல்கள் கொண்டு அமைத்தல்' என்பது போல. கருவிகளின் பட்டியலைத் தனி இணைப்பாக வையுங்கள். அந்த இணைப்பை ஆண்டுதோறும் துறையே மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு வரி சேர்த்து ஒரே ஒருமுறை ஒப்புதல் வாங்கிவிடுங்கள். கல்விக்குழுவின் வாசலில் வருடக்கணக்காகக் காத்துக்கிடக்கும் அவதி அத்தோடு தீர்ந்தது.

படி 3: மதிப்பெண் தாளைத் திருத்துங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் செய்ய நேரம் இருக்கிறது என்றால், இதைச் செய்யுங்கள்.

கல்வியியலாளர் ஜான் பிக்ஸ் 1990களில் முன்வைத்த கருத்து எளிமையானது: கற்றல் விளைவு, வகுப்பில் செய்யும் வேலை, மதிப்பீடு மூன்றும் ஒரே திசையைப் பார்க்க வேண்டும். மூன்றில் மாணவர்கள் நம்புவது மதிப்பீட்டை மட்டும்தான். பாடத்திட்டத்தில் 'கூட்டாகப் பணியாற்றும் திறன்' என்று எழுதிவிட்டு, 100 மதிப்பெண்ணையும் தனி ஆளின் போஸ்டருக்குப் போட்டால் அவர்கள் எதைச் செய்வார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் துறையில் இப்போது இருக்கும் ஜூரி படிவத்தை எடுத்துப் பாருங்கள். கருத்து, படைப்பாற்றல், செய்நேர்த்தி, முன்வைப்பு என்று நான்கு கட்டம் இருக்கும். நான்கும் முடிந்த பொருளைப் பார்த்துப் போடுபவை. நான் பயன்படுத்தும் பங்கீடு ஏறக்குறைய இப்படி:

- பிரச்சினையைத் தன் சொல்லில் ஒரு பக்கத்துக்குள் எழுதியது: 15
- மாற்று வழிகளும், அவற்றைக் கைவிட்டதற்கான காரணமும்: 15
- பயன்படுத்துவோரிடம் கொடுத்துப் பார்த்து, அதனால் மாற்றியது: 20
- இறுதி வடிவம்: 30
- ஃபைலும் ஒப்படைப்புக் குறிப்பும்: 20

இறுதி வடிவத்துக்கு 30தானா என்று சண்டைக்கு வருபவர்கள் உண்டு. அழகு குறைந்துவிடும் என்பது அவர்கள் பயம். நான் பார்த்தவரை குறைவதில்லை. நடுவாரத்தில் ஒருமுறை வெளியாளிடம் கொடுத்துப் பார்த்த வேலை, கடைசி இரவில் தனியாக மெருகேற்றிய வேலையைவிட நன்றாகவே வருகிறது. இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். மூன்றாவது, ஐந்தாவது வரிகளுக்கு மட்டும், விட்டால் வலிக்கும் அளவு மதிப்பெண் இருக்கட்டும். 5 மதிப்பெண் என்றால் விட்டுவிடுவார்கள்.

கொடுத்துப் பார்ப்பதற்கு ஆய்வகம் எதுவும் தேவையில்லை. ஐந்து பேரிடம் கொடுத்தாலே இடைமுகத்தின் பெரும்பாலான சிக்கல்கள் வெளிவந்துவிடும் என்று பயன்பாட்டு ஆய்வாளர் யாகோப் நீல்சன் 2000இல் எழுதினார். அந்த எண்ணைப் பற்றி இன்றும் விவாதம் ஓய்ந்தபாடில்லை. ஒருவரிடமும் கொடுக்காமல் இருப்பதற்கு ஐந்து எவ்வளவோ மேல். அடையாளப் பலகை டிசைன் செய்த மாணவர், அதைச் சுவரில் ஒட்டிவிட்டு, வழி தெரியாத ஒருவர் நடப்பதைத் தள்ளி நின்று வாயை மூடிக்கொண்டு பார்த்தால் போதும். வாயை மூடிக்கொள்வதுதான் கஷ்டம்.

படி 4: ஃபைலைக் கைமாற்றச் செய்யுங்கள்

பத்து வாரத் திட்டத்தில் ஐந்தாம் வாரம், முன்னறிவிப்பு இல்லாமல், ஒவ்வொருவரும் தன் ஃபைலைப் பக்கத்து இருக்கைக்குக் கொடுக்க வேண்டும். வாய்மொழி விளக்கம் கூடாது. எழுதிய குறிப்பு மட்டும். வாங்கியவர் மூன்று மாற்றங்களைச் செய்வார்: முதன்மை வண்ணத்தை மாற்றுவது, தலைப்பு எழுத்தை மாற்றுவது, புதிய பக்கம் ஒன்று சேர்ப்பது. எவ்வளவு நேரம் ஆனது என்று குறித்துக்கொள்வார். அந்த நேரத்தைப் பார்த்து, ஃபைலைக் கொடுத்தவருக்கு மதிப்பெண்.

முதல் தடவை வகுப்பே ரகளையாகிவிடும். ஃபாண்ட் இல்லை, படம் இல்லை, எது கடைசி வடிவம் என்று தெரியவில்லை, 'ஃபைனல் ஃபைனல் 2' என்று நான்கு ஃபைல். இரண்டாம் தடவை வருவதற்குள் பெயரிடும் முறை, கோப்புறை அமைப்பு, ஸ்டைல்கள் எல்லாம் தாமாகவே ஒழுங்குக்கு வந்திருக்கும். 'லேயருக்குப் பெயர் வையுங்கள்' என்று முழுப் பருவமும் தொண்டை கிழியக் கத்தியும் நடக்காதது இது.

இதோடு இன்னும் இரண்டு பழக்கங்கள். ஏழாம் வாரத்தில் பிரீஃபில் ஒன்றை மாற்றுங்கள்: வாசகர் வயது, அளவு, இரண்டாவது மொழி, எதுவானாலும். தொழிலில் மாறாத பிரீஃப் கிடையாது. மாறும்போது எதைக் காப்பாற்றுவது, எதை விட்டுக்கொடுப்பது என்று முடிவெடுப்பதும் ஒரு திறன். அடுத்தது, மூத்த மாணவர் சென்ற ஆண்டு செய்த அடையாள அமைப்பை இளையவருக்குக் கொடுத்து, அதை மீறாமல் புதிய உருப்படிகள் செய்யச் சொல்லுங்கள். தன் ரசனைக்கு ஒவ்வாத விதிகளுக்குள் நின்று நல்ல வேலை செய்வது எப்படி என்பதைக் கல்லூரிகள் கற்றுத்தருவதே இல்லை. புதிதாகச் சேரும் டிசைனரின் முதல் இரண்டு வருடம் பெரும்பாலும் அதிலேயே கழிகிறது.

படி 5: ஆண்டுவாரியாக அடுக்குங்கள், சேர்ப்பதற்கு முன் வெட்டுங்கள்

முதலாண்டு அடிப்படைப் பயிற்சியின் வேர் 1919இல் ஜெர்மனியின் வைமாரில் தொடங்கிய பௌஹவுஸ் கலைப்பள்ளியில் இருக்கிறது. யோஹானஸ் இட்டன் அங்கே நடத்திய தொடக்க வகுப்பு, வடிவம், வண்ணம், பொருள் ஆகியவற்றைக் கையால் தொட்டுப் பழக வைத்தது. அதை வீசியெறிய வேண்டாம். சலிப்பு எங்கே வருகிறது என்றால், சதுரத்தையும் வட்டத்தையும் அடுக்கிவிட்டு, இது எங்கே போய்ச் சேரும் என்று சொல்லாமல் விடும்போது. அதே முரண் பயிற்சியை ஒரு மருந்துச் சீட்டின் எழுத்துகளில் செய்ய வைத்தால், எது முதலில் கண்ணில் பட வேண்டும் என்ற கேள்வி உயிர் பெறுகிறது.

டைப்போகிராஃபிக்கு முதல் இரண்டு ஆண்டும் தாராளமாக இடம் கொடுங்கள். ஒரே எழுத்துமுறையோடு நிறுத்திவிடாதீர்கள். தமிழை அமைக்கும்போது தெரியும் சங்கதி வேறு. சொற்கள் நீளம் என்பதால், இரு ஓரமும் சமன் செய்தால் சொற்களின் நடுவே வெள்ளை இடைவெளி ஆறுபோல் ஓடும். எழுத்திடைவெளியைக் கூட்டினால் கொம்பும் காலும் மெய்யை விட்டுத் தள்ளி நிற்கும். லேஅவுட் மென்பொருளில் உரிய கம்போசரை (எழுத்துகளைக் கோத்து வரியாக்கும் அமைப்பை) தேர்ந்தெடுக்காவிட்டால் 'கெ' என்பதன் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்காரும். அரபி வலமிருந்து இடமாக ஓடும். ஆங்கிலத்தில் ஒரு வரியில் அடங்கிய பொத்தான் ஜெர்மனில் அடங்காமல் போகும். இரண்டு எழுத்துமுறைகளை ஒரே பக்கத்தில் சமமாக நிறுத்தத் தெரிந்த டிசைனர் எந்த ஊரிலும் வேலையில்லாமல் இருப்பது அரிது.

இரண்டாமாண்டு, ஒற்றைப் பொருளிலிருந்து அமைப்புக்கு நகர வேண்டும். லோகோவைச் செய்து முடிப்பது சின்ன வேலை. அந்த லோகோ 16 பிக்சலில் எப்படி நிற்கும், ஒற்றை வண்ணத்தில் எப்படி இருக்கும், டிசைனர் அல்லாத ஒருவர் அதை வைத்து அறிக்கை தயாரிக்க என்ன டெம்ப்ளேட் வேண்டும் என்பவைதான் பெரிய வேலை. மூன்றாமாண்டு, பிறரோடு சேர்ந்து செய்யும் திட்டங்கள்: கணினித் துறை மாணவர், மொழித் துறை மாணவர், அச்சுக்கூடம். நான்காமாண்டு ஆழம்: ஒரே துறையில் ஒரே பெரிய வேலை.

கிரெடிட் எண்ணிக்கை கூடாது. ஒன்று உள்ளே வந்தால் ஒன்று வெளியே போயாக வேண்டும். நான் வெட்டுவது: மென்பொருளுக்கென்றே இருக்கும் தனித் தாள்கள், ஆண்டுகளை மனப்பாடம் செய்ய வைக்கும் கலை வரலாற்றுத் தேர்வு (வரலாறு இருக்கட்டும், ஸ்டுடியோவுக்குள் வரட்டும்), ஒரே பருவத்தில் ஆறு சிறு போஸ்டர் கேட்கும் பழக்கம்.

படி 6: யாரும் தாண்டியே ஆக வேண்டிய தொழில்நுட்பக் கோடு

கருத்து எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், இவை இல்லாமல் வேலையைச் சமர்ப்பிக்க முடியாது என்று ஓர் எல்லையைப் போட்டுவிடுங்கள். இவற்றுக்கு மதிப்பெண் வேண்டாம். இருந்தால் உள்ளே, இல்லாவிட்டால் திருப்பிக் கொண்டுபோக வேண்டியதுதான்.

திரைக்கு: மாற்றுத்திறனாளிகளும் இணையத்தைப் பயன்படுத்த வகைசெய்யும், 2023 அக்டோபரில் வந்த டபிள்யூசிஏஜி 2.2 அணுகல்தன்மை விதிகளின் ஏஏ என்ற நடு நிலை. சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் முரண் விகிதம் குறைந்தது 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1. தொடும் இலக்கு, சில விதிவிலக்குகள் நீங்கலாக, 24க்கு 24 பிக்சலுக்குக் குறையக் கூடாது. எழுத்தை 200 சதவீதம் பெரிதாக்கினாலும் எதுவும் காணாமல் போகக் கூடாது. நிறத்தை மட்டும் நம்பித் தகவல் சொல்லக் கூடாது. இதை ஏதோ கூடுதல் நற்பண்பு போலக் கற்றுத்தருவதைப் பார்க்கிறேன். 2025 ஜூன் 28 முதல் ஐரோப்பிய அணுகல்தன்மைச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. அங்கே விற்கப்படும் பல டிஜிட்டல் சேவைகளுக்கு அணுகல்தன்மை சட்டக் கடமை. வெளிர்சாம்பல் எழுத்தை வெள்ளைப் பின்னணியில் வைத்துவிட்டு 'மினிமல்' என்று சொல்லும் காலம் முடிந்தது.

கூடவே, ஒரே டிசைன் பல திரை அகலங்களில் எப்படி மடங்கி அமரும் என்பதைக் காட்டத் தெரிய வேண்டும். டெவலப்பர் என்ன செய்கிறார் என்று புரியும் அளவுக்கு எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் போதும். முழு நிரலாளராக்கும் ஆசையை விட்டுவிடலாம்.

அச்சுக்கு: ப்ளீட் (வெட்டும் ஓரத்துக்கு வெளியே விடும் கூடுதல் அச்சு) 3 மில்லிமீட்டர், அச்சிடும் முறைக்கேற்ற சரியான வண்ண ப்ரொஃபைல், அச்சகம் கேட்டால் அச்சுக்கான பிடிஎஃப்/எக்ஸ்-4 வடிவம், ஸ்பாட் வண்ணம் (முன்பே கலந்த தனி மை) எப்போது லாபம் என்ற அறிவு, சிறிய கறுப்பு எழுத்தை நான்கு மையிலும் போட்டுக் கலங்கடிக்காத விவேகம். அச்சு செத்துவிட்டது என்று பேசுவோர், கடையில் இருக்கும் பெட்டிகளையும் லேபிள்களையும் யார் டிசைன் செய்கிறார்கள் என்று யோசித்துப் பார்ப்பதில்லை. ஒரு முறையாவது மாணவர் அச்சகத்துக்குப் போய், மெஷின் ஓடும்போது தன் தாள் விழுவதைப் பார்க்க வேண்டும். திரையில் பார்த்த ஆரஞ்சு தாளில் மங்கி விழும் அதிர்ச்சியை எந்த விரிவுரையும் தராது.

படி 7: செயற்கை நுண்ணறிவைத் தனித் தாளாக்காதீர்கள்

2022இல் படம் உருவாக்கும் டால்-ஈ 2, மிட்ஜர்னி, ஸ்டேபிள் டிஃப்யூஷன் மூன்றும் அடுத்தடுத்து வந்ததிலிருந்து ஆசிரியர் அறைகளில் இரண்டு கட்சி. ஒன்று தடை செய்யச் சொல்கிறது. இன்னொன்று 'ப்ராம்ப்ட் எழுதுதல்' என்று, கருவிக்குக் கட்டளை எழுதப் பழக்கும் புதிய தாள் கேட்கிறது. தடை நடக்கிற காரியமில்லை. தனித் தாளோ, படி 2இல் பார்த்த ஃபிளாஷ் கதையைத்தான் திரும்ப நடத்தப்போகிறது.

பயன்படுத்தட்டும், ஆனால் வேலைப் பதிவேட்டில் எழுதட்டும்: எங்கே பயன்படுத்தினேன், எதை ஏற்றேன், எதை நிராகரித்தேன், ஏன். நிராகரித்ததற்கான காரணத்தைப் படித்தால் மாணவரின் கண் எவ்வளவு தேறியிருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். கூடவே உரிமை பற்றிய பாடமும் வேண்டும். மனிதரின் ஆக்கம் இல்லாத பகுதிக்குப் பதிப்புரிமைப் பதிவு இல்லை என்று அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2023 மார்ச்சில் வழிகாட்டுதல் வெளியிட்டது. லோகோவை முழுக்க ஜெனரேட் செய்து கிளையன்டிடம் 'இது உங்களுக்கே சொந்தம்' என்று கொடுப்பவர், தன்னிடம் இல்லாத ஒன்றைக் கொடுக்கிறாரா என்று யோசிக்கத் தெரிய வேண்டும்.

என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. ஒரே பேனரை இருபது அளவில் மாற்றுவது, படத்தின் பின்னணியை வெட்டுவது, பட்டியலை வரிசையாக அமைப்பது எல்லாம் முன்பு ஜூனியர்களின் வேலை. சலிப்பான வேலைதான். ஆனால் விகிதமும் வெற்றிடமும் கைக்குப் பழகியது அதில்தான். அந்தப் படிக்கட்டைக் கருவிகள் எடுத்துக்கொண்டால், அந்தப் பயிற்சியைத் தருவது இனி கல்லூரியின் பொறுப்பு. ஒரே உள்ளடக்கத்தை இருபது அளவில் கையால் அமைக்கும் பயிற்சியை இரண்டாமாண்டில் நான் வைத்திருப்பது இதனால்தான். மாணவர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

படி 8: கிளையன்டும் காசும்

'நிஜக் கிளையன்டுக்கு வேலை' என்ற பெயரில் மாணவர்களை இலவசக் கூலிகளாக்குவது சுலபம். தெரிந்தவரின் நிறுவனத்துக்கு முப்பது பேர் சேர்ந்து லோகோ செய்து, அவர் ஒன்றை எடுத்துக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுப் போன வகுப்பை நானே பார்த்திருக்கிறேன். சில விதிகளை எழுத்தில் வையுங்கள். பிரீஃப் எழுத்து வடிவில் வர வேண்டும். திருத்தச் சுற்று இரண்டே. கிளையன்ட் குறைந்தது மூன்று முறை நேரில் உட்கார்ந்து கருத்துச் சொல்ல வேண்டும். பயன்படுத்த விரும்பினால் தனி ஒப்பந்தம், தனித் தொகை. அதுவரை உரிமை மாணவருடையது.

விலை சொல்வதைக் கற்றுத்தரப் பல ஆசிரியர்களுக்குக் கூச்சம். ஒரே ஒரு வாரம் ஒதுக்குங்கள். மணிக்கணக்கை மதிப்பிட்டு, பிறகு உண்மையில் எடுத்த நேரத்தோடு ஒப்பிடச் சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் பாதியாக மதிப்பிட்டிருப்பார்கள். மேற்கோள் கடிதம், முன்பணம், வேலையை நடுவில் நிறுத்தினால் என்ன ஆகும் என்ற ஷரத்து, ஃபாண்ட் உரிமத்தில் கணினிக்கும் இணையத்துக்கும் செயலிக்கும் உள்ள வேறுபாடு. இவ்வளவு தெரிந்தாலே, தனியாகத் தொழில் செய்யப் போகிறவர் முதல் வருடத்தில் கையைச் சுட்டுக்கொள்வது பாதியாகக் குறையும்.

இன்டர்ன்ஷிப் பற்றி ஒன்றே ஒன்று: கடைசிப் பருவத்தில் வைக்காதீர்கள். மூன்றாமாண்டு நடுவில் போய்வந்தால், பார்த்த குறையைத் திருத்திக்கொள்ள இன்னும் ஒரு வருடம் கையில் இருக்கும்.

படி 9: ஆசிரியர்கள்

ஆசிரியர் கடைசியாகக் கிளையன்ட் வேலை செய்தது எப்போது என்று கேட்டுப் பாருங்கள்; அறை அமைதியாகிவிடும். அது அவர்கள் குற்றமும் இல்லை, வாரத்துக்கு அத்தனை மணி நேரம் வகுப்பு. மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை சில வாரமாவது ஸ்டுடியோவில் உட்கார அனுமதி வாங்கித் தருவது, புதிய கணினி வாங்குவதைவிடப் பலன் தரும். வெளியிலிருந்து ஒருநாள் வந்து ஸ்லைடு காட்டிவிட்டுப் போகும் விருந்தினரைவிட, ஒரே திட்டத்துக்கு நான்கு முறை வந்து அமர்பவர் பயனுள்ளவர்.

படி 10: போர்ட்ஃபோலியோ

மாணவர்களிடம் சொல்ல வேண்டியது: பன்னிரண்டு வேலைகள் வேண்டாம், நான்கு போதும். அவற்றில் ஒன்று, பிறர் தொடங்கியதைத் தொடர்ந்ததாக இருக்கட்டும். இன்னொன்று, கொடுத்துப் பார்த்ததில் தோற்று, பிறகு மாற்றியதாக இருக்கட்டும். தோற்ற வடிவத்தையும் காட்டுங்கள். துணிப்பையிலும் காபிக் கோப்பையிலும் லோகோவை ஒட்டிய மாக்-அப் படங்களை எடுத்துவிடலாம், ஆள் எடுப்பவர்கள் அவற்றைத் தள்ளிக்கொண்டே போகிறார்கள். கூட்டாகச் செய்த வேலையில் 'இதில் நான் செய்தது இது' என்று நேர்மையாக ஒரு வரி. மூல ஃபைலைத் திறந்து காட்டத் தயாராக இருங்கள்.

படி 11: திருத்தத்துக்கு ஒரு நாட்காட்டி

ஒருமுறை திருத்திவிட்டு ஆறு வருடம் மறந்துவிட்டால் பழைய இடத்துக்கே வந்து நிற்போம். ஆண்டுதோறும் ஒருநாள், கருவிகள் இணைப்பையும் படி 6இன் கோட்டையும் புதுப்பியுங்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மதிப்பெண் பங்கீட்டை எடுத்து, எந்த வரியில் எல்லாருக்கும் ஒரே மதிப்பெண் விழுகிறது என்று பாருங்கள். அந்த வரி எதையும் அளக்கவில்லை. மூன்று வருடத்துக்கு ஒருமுறை படி 1இன் டைரிகள். தாள்களின் அமைப்பில் கைவைப்பது ஒரு அணி முழுதாகப் படித்து வெளியேறிய பிறகு.

திருத்தம் தொடங்கிய முதல் வருடத்தின் முடிவில், வெளியே போகும் மாணவர்களிடம் ஒரு ஃபைலை வாங்கி, உங்களுக்குத் தெரிந்த ஸ்டுடியோ ஒன்றில் ஒரு டிசைனரிடம் பெயர் சொல்லாமல் கொடுங்கள். தலைப்பு எழுத்தை மாற்றச் சொல்லி, எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்த்து எழுதி வையுங்கள். அடுத்த வருடம் அதே மேசையில், அதே வேலை, புதிய ஃபைல்.